காத்துக் கூண்டு

மேஜையை மட்டும் நகர்த்தாதே கண்ணு. அது கதவோட ஒட்டியே இருக்கட்டும். நீ அந்த நாற்காலிய இப்படி இழுத்துப் போட்டுக்கிட்டு மடியில வெச்சு எழுது. வசதியா இருக்காதுதான், என்ன பண்றது. நீ வரேன்னு முன்னாடியே சொல்லி வெச்சுட்ட, நானும் சரின்னுட்டேன். இன்னைக்குக் காலையிலதான் அவன் போன் பண்ணினான். ஆஸ்பத்திரியிலேருந்து விட்டுட்டாங்களாம். சாயங்காலம் வந்து என் பொண்டாட்டிய இழுத்துட்டுப் போவேன், எவ குறுக்க நிக்கறான்னு பாக்கறேன்னான். அதான் மேஜை.

மெதுவாப் பேசு, என்ன. உள்ள ரூம்ல அந்தப் பொண்ணு தூங்குது. தாடையில கம்பி போட்டுக் கட்டியிருக்காங்க, வாயைத் திறக்க முடியாது. ஏதாவது வேணும்னா ஸ்பூனால கட்டில் கம்பியில தட்டும். நீங்க அவளுக்கு என்ன வேணும்னு கேக்கறியா? ஒரே இடத்துல வேலை பாக்கறோம். அது போதாதா? போலீசுக்கா? சொன்னேனே. காலையிலயே போன் பண்ணிச் சொன்னேன். வந்து ஏதாவது தகராறு பண்ணினா கூப்பிடுங்க அம்மான்னாங்க. மழை பெஞ்சப்புறம் குடை தரேங்கற மாதிரி.

உன்னை வர வேண்டாம்னு சொல்லலாமான்னு யோசிச்சேன். அப்புறம், வீட்ல இன்னொரு ஆள் இருந்தா தேவலைன்னு பட்டுச்சு. என் சுயநலம்தான். போறதுன்னா இப்பவே போயிடு, தப்பா எடுத்துக்க மாட்டேன். நிஜமாத்தான் சொல்றேன்... இருக்கியா? நல்ல புள்ளைதான் போ. சரி, கேளு. எதுல விட்டோம்?

ஆமா, சரக்கு எங்க தேங்குது, எங்க வேகமாக்கலாம். அதானே உன் ப்ராஜெக்டு. மண்ணுலேருந்து சிப் வரைக்கும்னு அட்டையில அழகா போட்டிருக்க. மண்ணு உனக்குத் தெரியும், சிப்பும் தெரியும், நடுவுல இருக்கறதுதான் தெரியாது. எங்களுக்கும் அப்படித்தான். எங்க கம்பெனிக்கு வர்றப்போ அது வட்டத் தட்டு. வேஃபர்ம்பாங்க. கண்ணாடி மாதிரி பளபளன்னு இருக்கும், குனிஞ்சா உன் மூஞ்சி தெரியும். உள்ள போனா வெளிய வர மாசக்கணக்காகும். கழுவுவாங்க, சுடுவாங்க, மருந்து தடவுவாங்க, அமிலத்துல அரிப்பாங்க, மறுபடியும் கழுவுவாங்க. ஒரு பொண்ணு புகுந்த வீட்ல படற பாடெல்லாம் அது படும். எழுதாதே, சும்மா சொன்னேன்.

இதென்ன, உற்பத்திக் கோடா? காட்டு. கண்ணாடி எங்க வெச்சேன்... ம். ஏறி இறங்கி ஏறி இறங்கி, இங்க வந்து பள்ளத்துல விழுந்திருக்கு. போன மாசம். இந்த நாளைத்தான் கேக்க வந்தியா? கம்பெனி என்ன காரணம் எழுதிக் குடுத்திருக்கு, நீயே படி.

சரக்கு வரத் தாமதம்.

சிரிக்கக் கூடாது, சிரிச்சா அவ முழிச்சுக்குவா. இல்ல கண்ணு, பொய்னு சொல்ல மாட்டேன். சரக்கு வரலதான். கொண்டு வர வேண்டியவன் காத்துக் கூண்டுக்குள்ள பல்லு சிதறிக் கிடந்தான், எப்படி வரும்?

பேனாவை ஏன் கீழ வெச்சுட்ட? எடு எடு. வரிசையா சொல்றேன்.

என் வேலை உடுப்பு ரூம்ல. உள்ள போறவங்க எல்லாரும் வெள்ளை உடுப்பு மாட்டணும். தலையிலேருந்து கால் வரைக்கும். தலைக்குக் குல்லா, வாய்க்கு முகமூடி, கைக்கு உறை, காலுக்கு உறை. கடைசியில ரெண்டு கண்ணு மட்டும் மிஞ்சும். அது மாட்டறதுக்கு முன்னாடி ஒவ்வொரு மூஞ்சியா நான் பாக்கணும். பவுடர் கூடாது, மை கூடாது, உதட்டுச் சாயம் கூடாது, சென்ட் கூடாது. கன்னத்துல கறுப்புத் துணியால ஒரு இழுப்பு. வெள்ளையா ஏதாவது ஒட்டுச்சுன்னா, போம்மா, கழுவிட்டு வா. ஏன்னா ஒரு துளி பவுடர் உள்ள போனா, அந்தத் தட்டுக்கு அது மலை விழுந்த மாதிரி.

அதனால என்ன ஆச்சுன்னா, இந்தப் பக்கத்துல எந்தப் புருஷன் அடிக்கறான்னு டாக்டருக்குத் தெரியறதுக்கு முன்னாடி எனக்குத் தெரிஞ்சுடும். வெளிய எல்லாம் பூசிக்கிட்டு வருவாங்க. எங்கிட்ட வந்துதான் கழுவணும். கழுவினா கீழேருந்து வரும் ஒவ்வொண்ணா. ஊதா, பச்சை, மஞ்சள். புதுசு ஊதா, பழசு மஞ்சள். நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். அவங்களும் சொல்ல மாட்டாங்க. குல்லா மாட்டி விடறப்போ காதுக்குப் பின்னாடி கொஞ்சம் மெதுவா இழுத்து விடுவேன், அவ்வளவுதான் நம்ம ஆறுதல்.

இந்தப் பொண்ணு அமிலத் தொட்டிகிட்ட வேலை. கை அவ்வளவு நிதானம். தட்டை அது தூக்கறதைப் பாத்தா தூங்கற குழந்தைய ஒரு மடியிலேருந்து இன்னொரு மடிக்கு மாத்தற மாதிரி இருக்கும். புருஷன் அதே கம்பெனிதான், ஸ்டோர்ல. மருந்து டப்பா, காஸ் சிலிண்டர், புதுத் தட்டுப் பெட்டி, எல்லாம் அவன் கையாலதான் உள்ள வரும். உன் பாஷையில சொன்னா சப்ளை செயின். சங்கிலின்னு பேரு வெச்சவன் எவனோ, தெரிஞ்சேதான் வெச்சிருக்கான்.

வெளியில பாத்தா தங்கமான ஆளு. பெரியவங்களைப் பாத்தா எழுந்து நிப்பான். நல்லா பேசுவான், ஜோக்கடிப்பான். கை மட்டும் அவங்க அப்பன் கை. முதல்ல வலிக்காத மாதிரி ஒரு தட்டு, அப்புறம் தலையைத் திருப்பிப் பிடிச்சுக்கிட்டு... என்ன? அவங்க அப்பனை எப்படித் தெரியுமா? தெரியும், அந்தாளு செத்துட்டான். நல்ல வேளை. நீ எழுது.

முதல் தடவை கன்னத்துல கன்றிப் போயிருந்துச்சு. ரெண்டாவது தடவை காது. அப்புறம் நான் எண்ணறதை விட்டுட்டேன். அது பேசாம கழுவிட்டு, பேசாம குல்லா மாட்டிட்டு உள்ள போயிடும். உள்ள ஒரு இடத்துல வெளிச்சம் முழுக்க மஞ்சளா இருக்கும், மருந்து கெட்டுடாம இருக்கறதுக்கு. அங்க போயிட்டா கன்றின இடமும் நல்ல இடமும் ஒண்ணாத்தான் தெரியும். அக்கா, அங்க நிக்கறப்போ மட்டும்தான் என் மூஞ்சி எனக்கு ஞாபகம் வர்றதில்லைன்னு அது ஒருநாள் சொல்லுச்சு... அக்காவா? வேலையில எல்லாருக்கும் நான் அக்காதான் கண்ணு. வீட்டு உறவை வாசல்லயே கழட்டி வெச்சுடணும்ங்கறது எங்க சட்டம்.

ஒருநாள் எனக்குக் காய்ச்சல், நான் வரல. எனக்குப் பதிலா ஒரு புதுப் பையனை நிறுத்தியிருந்தாங்க. பொம்பளைங்க மூஞ்சியத் துடைச்சுப் பாக்க அவனுக்குக் கூச்சம். அன்னைக்கு இந்தப் பொண்ணு கண்ணுக்குக் கீழ வெடிச்சிருந்த இடத்தை மறைக்க அப்பியிருந்திருக்கு. கடையில விக்குதே, தோல் நிறத்துல, களிம்பு மாதிரி, அது. அதோட உள்ள போயிடுச்சு. வேர்வையில இளகி, முகமூடி ஓரமா உதிர்ந்து, தொட்டியில விழுந்துச்சு. தட்டு அத்தனையும் போச்சு. பெட்டி பெட்டியா.

விசாரணை வெச்சாங்க. நீ கேக்கணும் அதை. அந்தத் துகளை எடுத்துப் பெரிசாக்கி சுவர் முழுக்கப் படமாக் காட்டினாங்க. நிலாவுல பாறை கிடக்கற மாதிரி இருந்துச்சு. என்ன களிம்பு? எந்தக் கம்பெனி? எங்க வாங்கின? எத்தனை பூச்சு பூசின? விரலாலயா, பஞ்சாலயா? எல்லாம் கேட்டாங்க. கீழ என்ன இருந்துச்சுன்னு மட்டும் ஒருத்தரும் கேக்கல. அந்தப் பொண்ணு அங்கதான் உக்காந்திருக்கு, கழுவின மூஞ்சியோட, ஒரு கண்ணு மூடிப் போயி. எல்லாரும் சுவத்தைப் பாக்கறாங்க.

நான் எழுந்து சொன்னேன். சார், அவ புருஷன் அடிக்கறான், அதான் பூசிக்கிட்டு வந்திருக்கான்னு. மேனேஜர் என்னை ஒரு மாதிரியாப் பாத்தார். அது குடும்ப விஷயம், நீங்களே அதைப் பத்திப் பேசலாமான்னார். பேசத்தானே சார் நின்னிருக்கேன்னேன். உக்காருங்கன்னுட்டார்.

அப்புறம் என்ன தண்டனை குடுத்தாங்க தெரியுமா? இதை உன் ப்ராஜெக்ட்ல போடு, வேணும்னா. வேலையை விட்டு எடுக்கல. பெரிய மனசு! உள்ள வேலை வேண்டாம்னு ஸ்டோருக்கு மாத்திட்டாங்க. புருஷனுக்குக் கீழ. ரெண்டு பேருக்கும் ஒரே ஷிப்டு, ஒரே வண்டி, சாமான் எடுக்க ஒரு ஆள் குறைவா இருந்துச்சு, அதுவும் ஆச்சு. நல்லதாப் போச்சு, புருஷன் கண்ணு முன்னாடியே இருப்பான்னு விசாரணைக்கு வந்த ஒரு அம்மா சொல்லிச்சு. எல்லாருக்கும் திருப்தி. எதுவும் வீணாகாம, எதுவும் தேங்காம. நீ ஒரு வார்த்தை சொன்னியே... ஆங், திறன். அதான்.

இரு. ஏதோ சத்தம்... இல்ல, மாடி வீட்டுக் குழாய். நீ தண்ணி குடி. கதவையே ஏன் பாக்கற? நான் பாக்கல, பாரு. பயப்பட வேண்டியதெல்லாம் எப்பவோ பயந்து முடிச்சுட்டேன்.

ஸ்டோர்ல பவுடர் பூசலாம், எவனும் கேக்க மாட்டான். அதனால அவனுக்குத் தைரியம் வந்துடுச்சு. அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவுல சந்து மாதிரி இருக்கும், அங்க கூட்டிட்டுப் போயி குத்துவான். பெட்டி கட்டற பிளாஸ்டிக் பட்டை இருக்கே, அதால முதுகுல. சரக்குச் சீட்டுல ஒரு எழுத்து மாத்தி எழுதினா ரெண்டு விரலைப் பின்னாடி மடக்குவான். ஒருநாள் சத்தம் கேட்டுச்சாம், குச்சி ஒடியற மாதிரி. அங்க வேலை பாத்த மத்த ஆம்பளைங்க என்ன பண்ணினாங்களா? ரேடியோவைச் சத்தமா வெச்சாங்க.

உன் கோடு விழுந்த நாளுக்கு வரேன். மத்தியானம், ஷிப்டு மாறற நேரம். உடுப்பு ரூம் நிறைய பொம்பளைங்க. பாதி பேர் மாட்டி முடிச்சாச்சு, பாதி பேர் இன்னும் கழட்டல, நானும் உடுப்புலதான். ஸ்டோர் பக்கத்துக் கதவைத் தள்ளிக்கிட்டு இந்தப் பொண்ணு ஓடி வந்துச்சு. தாடையை ரெண்டு கையாலயும் தாங்கிப் பிடிச்சிருக்கு. விட்டா கீழ விழுந்துடும்கற மாதிரி. வாயிலேருந்து ரத்தம் கயிறு மாதிரி இறங்குது. கத்த முடியல. எங்களைப் பாக்குது, பாத்துக்கிட்டே ஓடுது. பின்னாலயே அவன். கையில தள்ளுவண்டிக் கைப்பிடி, இரும்பு. அழுக்குப் பூட்ஸோட. எங்க வெள்ளைத் தரையில அவன் காலடி கறுப்புக் கறுப்பா விழுந்துச்சு, எனக்கு அது நல்லா ஞாபகம் இருக்கு. அந்த நேரத்துலயும், ஐயோ தரைன்னுதான் முதல்ல தோணுச்சு. புத்தி எப்படிப் பழகிப் போகுது பாரு.

ஓடறதுக்கு இடம் இல்லாம அது காத்துக் கூண்டுக்குள்ள போயிடுச்சு. காத்துக் கூண்டுன்னா, உடுப்பு ரூமுக்கும் உள் கூடத்துக்கும் நடுவுல ஒரு கண்ணாடிப் பெட்டி. ஆள் உள்ள போனா ரெண்டு கதவும் பூட்டிக்கும், நாலா பக்கமும் காத்து பீறிட்டு அடிக்கும், உடுப்புல இருக்கற தூசி போறதுக்கு. காத்து நிக்கற வரைக்கும் எந்தக் கதவும் திறக்காது. அவனும் உள்ள போயிட்டான். பூட்டிக்கிச்சு. காத்து ஆரம்பிச்சுது.

நாங்க வெளிய. கண்ணாடி வழியாப் பாக்கறோம். அந்த இரைச்சல்ல ஒண்ணும் கேக்கல. அந்தப் பொண்ணோட தலைமுடி எழும்பிப் பறக்குது. அந்த இடத்துல யாரோட முடியையும் நாங்க பாத்ததே இல்ல. அவன் அதை ஒரு கையால சுத்திப் பிடிச்சான். தலையைச் சுவத்துல மோதறான். எடுக்கறான், மோதறான். கண்ணாடியில ரத்தம் தெளிக்குது, காத்து அதை நேரா ஓட விடாம பக்கவாட்டுல இழுக்குது, மழை நாள்ல வண்டிக் கண்ணாடி மாதிரி. பொம்பளைங்க கதவைக் குத்தறாங்க. அவன் திரும்பிக்கூடப் பாக்கல.

ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. தீ பிடிச்சா அமுக்கறதுக்கு. அமுக்கினா ரெண்டு கதவும் ஒரே நேரத்துல திறந்துடும். வெளி அழுக்கெல்லாம் உள் கூடத்துக்குப் போயிடும், உள்ள இருக்கற தட்டு எதுவும் தேறாது. தீ இல்லாம தொட்டா வேலை போச்சுன்னு பலகையில எழுதியே வெச்சிருக்காங்க. நான் அமுக்கினேன்.

உன் கோடு அங்கதான் விழுந்துச்சு.

கதவு திறந்துச்சு. அவன் யாருடி அதுன்னு திரும்பறதுக்குள்ள ஸ்டூல் அவன் வாயில இறங்கிடுச்சு. உக்காந்து கால் உறை மாட்டற எவர்சில்வர் ஸ்டூல். பல்லு தெறிச்சு ஜன்னல்ல கல்லு பட்ட மாதிரி சத்தம் வந்துச்சு. அப்புறம் எல்லாரும் உள்ள புகுந்துட்டாங்க. அத்தனை வெள்ளை. இரும்புக் கைப்பிடியை ஒருத்தி பிடுங்கினா, இன்னொருத்தி அவன் முட்டியில போட்டா. மிதிச்சாங்க. உறை போட்ட கால்ல சத்தமே வராது கண்ணு, மெத்தையை அடிக்கற மாதிரி தொப்பு தொப்புன்னு. ஒருத்தரும் திட்டல, ஒருத்தரும் கத்தல. விலா எலும்பு போறது எனக்குக் கையில தெரிஞ்சுது. வேலை மாதிரிதான் பண்ணினோம், நிதானமா, ஒருத்தருக்கொருத்தர் இடம் விட்டு. போதும்னு நான் சொன்னப்புறம்தான் நிறுத்தினாங்க. நான் சீக்கிரம் சொல்லல.

ஸ்டூலை யாரு எடுத்ததா? நான்தான். இதை எழுதாதே.

கேமரா இருந்துச்சு. இருந்து என்ன பண்றது? எல்லாம் வெள்ளை, எல்லாம் ஒரே உயரம் மாதிரி, ரெண்டு ரெண்டு கண்ணு. கம்பெனிக்குப் பெரிய சங்கடம். வெளிநாட்டுல சரக்குக்குக் காத்திருக்கறவன்கிட்ட ரத்தம்னு எழுத முடியுமா? சரக்கு வரத் தாமதம்னா அவன் தலையாட்டுவான். அதான் உன் காகிதத்துல இருக்கு.

அவன் கொஞ்சம் எழுந்து உக்காரற மாதிரி ஆனதும் சக்கர நாற்காலியில கூட்டிட்டு வந்தாங்க. எங்களையெல்லாம் உடுப்பு மாட்டி வரிசையா நிக்க வெச்சாங்க. யாருன்னு காட்டுன்னார் மேனேஜர். ஒவ்வொரு கண்ணாப் பாத்துக்கிட்டே வந்தான். எங்கிட்ட வந்ததும் நாற்காலியை நிறுத்தச் சொன்னான். பாத்தான். ரொம்ப நேரம் பாத்தான். நானும் கண்ணை இறக்கல. அப்புறம் தலையைக் குனிஞ்சுக்கிட்டு, தெரியல சார்னான்.

பயமா? அவனுக்கா? இல்ல கண்ணு. அவமானம். யார் கையால வாங்கினோம்னு வெளிய சொல்ல முடியாத அவமானம். ஆனா அது உள்ள கிடந்து புளிக்குது. என்னை ஒண்ணும் பண்ண முடியாது, அதனால அந்தப் பொண்ணு மேல இறக்குவான். இந்தத் தடவை கொண்டு போனான்னா தாடையோட நிக்காது. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனாலதான் அவனோட வீட்டுக்குப் போகாம இங்க கிடக்குது.

ஸ்கூட்டர். கேட்டுச்சா?

அசையாதே. அவனேதான். ஒரு காலைத் தாங்கித் தாங்கிப் படியேறறான், கேளு. உள்ள அவ தட்ட ஆரம்பிச்சுட்டா, அவளுக்கும் அந்தச் செருப்புச் சத்தம் தெரியும். இரும்மா! நான் இங்கதான் இருக்கேன், படுத்திரு!

அடிக்கட்டும். கதவு நல்ல கதவு, நான் சம்பாதிச்சுப் போட்டது. கண்ணு, நீ போனை எடு. போலீசுக்குப் போடு. நான் மேஜையை விட்டுட்டு வர முடியாது... டேய், கத்தாதே! அவ வரமாட்டா. நான் இருக்கற வரைக்கும் வரமாட்டா. உதைச்சேன்னா தையல் பிரிஞ்சுடும், அப்புறம் நீதான் அவஸ்தைப்படணும்...

எடுத்துட்டாங்களா? விலாசம் சொல்லு. ஒரு ஆள் கதவை உடைக்கறான், உள்ள அடிபட்ட பொண்ணு இருக்குன்னு சொல்லு. என்ன கேக்கறாங்க? புருஷன் பொண்டாட்டி சண்டையான்னா? அப்படித்தான் கேப்பாங்க. புகார் குடுக்கறது யாருன்னா?

அவனைப் பெத்த அம்மான்னு சொல்லு.